என் காட்டில் விழுந்த பன்றி யாருடையது?

எங்கள் கொங்குப் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத்தான் தூக்குவோம். வனத்துறைக்குக் காடு வேறு. வேட்டை என்ற சொல்லும் அப்படியே இரண்டு பொருளோடு நிற்கிறது என்று எனக்குத் தெரிய ஒரு பன்றி சாக வேண்டியிருந்தது.

கோவை மாவட்டம் காரமடைப் பக்கம் எனக்கு மூன்றரை ஏக்கர். 2023 ஐப்பசியில் இரண்டு ஏக்கருக்கு மக்காச்சோளம் போட்டேன். நல்ல பட்டம், நல்ல மழை. மார்கழியில் கதிர் பால் பிடித்து நின்றபோது, ஒரே இரவில் அரை ஏக்கருக்கும் மேல் போய்விட்டது. விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தால் உருளை போட்டு ஓட்டின மாதிரி தட்டு படுத்துக் கிடக்கிறது. பன்றி கதிரை ஒடித்துத் தின்பதில்லை. தட்டின் மேல் சாய்ந்து, சாய்த்து, இரண்டு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடித்த கதிரெல்லாம் வெள்ளையாகப் பால் வடிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சொட்டுநீர்க் குழாயையும் மென்று துப்பி, தண்ணீர் தேங்கின இடத்தில் புரண்டுவிட்டுப் போயிருந்தன. தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம். அந்த எரிச்சலைப் பட்டவனுக்குத்தான் தெரியும்.

டீக்கடையில் எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது. குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வை என்றார் ஒருவர். இன்னொருவர், பன்றி கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் செய்யத் தெரிந்த ஆள் இருப்பதாகக் காதோடு சொன்னார். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி சொன்னதுதான் மனதில் நின்றது. “ஈபி லைன்ல இருந்து ஒத்தக் கம்பிய இழுத்து வரப்போரமா விட்ருங். விடிஞ்சா வேலை முடிஞ்சுது. நம்ம காட்டுக்குள்ள நாம என்ன பண்ணுனா எவன் கேப்பான்?”

மறைக்க என்ன இருக்கிறது, ஐந்து கிலோ ஜிஐ கம்பி வாங்கிவந்தேன். மோட்டார் ரூமில் அது பத்து நாள் கிடந்தது. என்னைத் தடுத்தது சட்டம் அல்ல. எங்கள் தோட்டத்துக்குப் பூப்பறிக்க வரும் அம்மா விடியுமுன் நான்கரை மணிக்கே அந்த வரப்பில்தான் நடந்து வருவார், செருப்பில்லாமல். அதோடு, அந்த வருடம் மார்ச்சில்தான் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம், பன்றிக்கு வைத்த திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, செத்த தாய்களைச் சுற்றிச் சுற்றி நின்ற படத்தை என் மனைவி செல்போனில் பார்த்து அழுதிருந்தாள். கம்பிச் சுருளைப் பார்த்ததும், “பன்னிக்குன்னு வெக்கறீங், வர்றது பன்னிதான்னு கம்பிக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். கம்பியைப் பந்தல் கட்டப் பயன்படுத்திக்கொண்டோம்.

அடுத்த வருடம் மார்கழி. வடக்கு வரப்பில், என் பக்கம் இரண்டு முழம் உள்ளே, ஒரு பெரிய ஆண் பன்றி செத்துக் கிடந்தது. முன்னங்காலில் கருகின கோடு, மூக்கோரம் ரத்தம். பங்காளியின் எல்லைக்கல் அங்கிருந்து நாற்பதடி. அங்கே முளைக்குச்சி நட்ட குழிகள் புதுசாக இருந்தன, கம்பி மட்டும் இல்லை.

அரை மணியில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கத்தியோடே வந்தார். “அறுபது கிலோ தேறும், கூறு போட்டுக்கலாம்” என்றார். என் தாய்மாமன்தான் தீர்ப்புச் சொன்னார்: “உன்ற காட்டுல உழுந்தா உன்ற பன்னி. மொதக் கூறு உனக்கு.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் நானும் தடுமாறினேன். ஒரு வருடம் முன்பு அரை ஏக்கரைத் தின்ற இனம், பதிலுக்கு இரண்டு கிலோ கறி கொடுத்தால் என்ன என்று தோன்றத்தான் செய்தது.

ஆனால் இதில் மாட்டினால் நிலத்துக்காரன் நான். வனத்துறைக்குப் போன் போட்டால் பங்காளி மாட்டுவார். நாளைக்குக் கிணற்றுத் தண்ணீர் முறையும் வண்டித்தடமும் அவரோடுதான். அவரைத் தனியே கூப்பிட்டு, “நான் போன் பண்ணப் போறனுங். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்கன்னா நல்லது” என்றேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் போனவர், பதினோரு மணிக்கு அவரே வனச்சரக அலுவலகத்துக்குப் பேசிவிட்டார். அந்த ஒன்றில் அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மதியம் வனவரும் வனக்காப்பாளரும் வந்தார்கள். கால்நடை மருத்துவர் வர நான்கு மணி ஆயிற்று. அதுவரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த வனக்காப்பாளரிடம், மாமன் சும்மா இருக்காமல், “தோட்டத்துல செத்ததுக்கு எதுக்குங் இத்தனை பேரு? நாங்க என்ன வேட்டைக்கா போனோம்?” என்று கேட்டுவிட்டார்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. நூறு தரம் இதே கேள்வியைக் கேட்டவர் போலச் சிரித்தார். “துப்பாக்கிய எடுத்துட்டு மலைக்குப் போனாத்தான் வேட்டைன்னு நெனைக்கறீங்க. சட்டத்துல அப்படி இல்லீங்க. கொல்றது, வெசம் வெக்கறது, சுருக்கு வெக்கறது, பொறி வெக்கறது, எரை போட்டு வர வெக்கறது எல்லாமே வேட்டைதான். முயற்சி பண்ணி ஒண்ணும் விழலைன்னாலும் வேட்டை. யாரு நெலம்னு அந்த எடத்துல ஒரு வார்த்தை கெடையாது.”

பிறகு நானே சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், இரண்டாம் பிரிவு. அவர் சொன்னது அத்தனையும் அப்படியே இருக்கிறது. ஓட்டுதல் என்ற சொல்கூட உண்டு. தகரம் தட்டிப் பன்றியை விரட்டியதற்காக யார் மேலும் வழக்குப் பாய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து நாயை விட்டு, வலையை நோக்கி ஓட்டினால் அது வேறு கதை.

பயிரைக் காப்பாற்றுவது வேறு, வேட்டை வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சட்டமும் பிரிக்கிறது, வேறு இடத்தில். கையில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்பதுதான் அதன் கோடு. பதினோராம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்றால், குறிப்பிட்ட விலங்கைக் கொல்ல அதிகாரி எழுத்தில் அனுமதி தரலாம். உடைமை என்பதில் நிற்கும் பயிரும் சேரும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்குக்கு மட்டும் அந்தக் காரணம் செல்லாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது பிழைக்க வைக்க முடியாத நோய், ஊனம் என்றால்தான் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்க முடியும். பன்றி இப்போது இரண்டாம் அட்டவணை. மயில் முதல் அட்டவணை. எனவே தக்காளிச் செடியைக் கொத்தும் மயிலுக்குப் பயிரைக் காட்டி அனுமதி கேட்கவே முடியாது. அதற்கு விஷம் வைத்தால் குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஏழு. பன்றி என்றால் மூன்று வருடம் வரையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ.

ஆளையே பாய்ந்துவிட்டால்? எங்கள் ஊரில் வாழைக்கு மடை மாற்றப் போனவரின் தொடையைக் கிழித்தது ஒரு பன்றி. அவர் மண்வெட்டியால் அடித்ததில் அது அங்கேயே விழுந்தது. உயிரைக் காத்துக்கொள்ள நல்ல எண்ணத்தோடு செய்தது குற்றமில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவர் மேல் வழக்கு வரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் சுருக்கு வைத்துக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்னொன்று, இப்படிச் செத்த விலங்கும் அரசாங்கச் சொத்து. மாமனின் தீர்ப்பு இங்கேதான் அடிபட்டது. நம் காட்டில் விழுந்தாலும், நாம் கொன்றாலும் கொல்லாவிட்டாலும், அது நமதில்லை. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கறியைக் கூறு போட்டால், கொன்றவனோடு கூறு வாங்கினவனும் சேர்ந்தே மாட்டுவான். அன்று வனக்காப்பாளர் இதைச் சொன்னதும், கத்தியோடு வந்தவர் கத்தியை வேட்டி மடிப்புக்குள் தள்ளிக்கொண்டு நழுவினதை நான் பார்த்தேன்.

மருத்துவர் அறுத்துப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகு, ஆறடிக் குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். யாரும் தோண்டி எடுக்கக் கூடாது என்பதற்காக மண்ணெண்ணெய். குழி வெட்டின கூலி என் கணக்கு. பங்காளிக்குச் சிறை இல்லை. முதல் தடவை, தானே வந்து சொன்னார் என்பதால் தொகை கட்டி வழக்கை முடித்துக்கொள்ள விட்டார்கள். முன்பு அந்தத் தொகைக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். 2022 திருத்தம் அதை 5 லட்சமாக்கிவிட்டது. அவர் எவ்வளவு கட்டினார் என்று நான் கேட்கவில்லை. ஒரு கறவை மாடு போயிற்று. மின்சாரம் திருடியதற்கு ஈபிக்காரர்கள் தனியாக வந்தார்கள். பன்றியோடு போனது அவர் நல்ல காலம். அந்தப் பூக்கார அம்மா மிதித்திருந்தால் மாடு விற்று மீண்டிருக்க முடியாது.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2025 பொங்கலுக்குச் சில நாள் முன்பு டிவியில் ‘காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி’ என்று ஓடிற்று. டீக்கடை துள்ளியது. பங்காளி மட்டும், “ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா” என்றார். உத்தரவை வாங்கிப் படித்தால் வேறு மாதிரி இருந்தது. வனத்துறையின் காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம். சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆள், நீங்களும் நானும் இல்லை. அதற்கும் முதலில் கிராம அளவில் ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் ஊராட்சித் தலைவருக்கு இடம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் அந்த ஜனவரியில்தான் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்திருந்தார். யாரிடம் மனுக் கொடுப்பது என்று கண்டுபிடிக்கவே மாசி பிறந்துவிட்டது.

என் நிலத்தைச் செல்போன் வரைபடத்தில் அளந்தேன். காப்புக்காட்டிலிருந்து நேர்கோட்டில் இரண்டேகால் கிலோமீட்டர். தார்ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் மச்சினன் நிலம், மூன்றைத் தாண்டுகிறது. ஒரே பன்றி சாயங்காலம் தொடக் கூடாததாகக் கிளம்பி, ஒன்பது மணிக்கு என் சோளத்தில் பிடிக்கத் தக்கதாகி, நடு இரவில் மச்சினன் கடலைக்காட்டில் சுடத் தக்கதாகிறது. விடியுமுன் மறுபடியும் தொடக் கூடாததாகத் திரும்பிவிடும். சிரிப்பு வந்தாலும், எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். காட்டோரத்தில் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் தீனி. அங்கே சுட ஆரம்பித்தால் சிறுத்தை கட்டுத்தறிக்குத்தான் வரும்.

என் சித்தப்பா மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். அங்கே நிலத்துக்காரர் சம்மதித்தால் போதும், தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமம்கூட வேண்டாமாம். “அதே பன்னிதானேடா” என்றேன். இனம் அதேதான். ஆனால் அங்கே அது வெளியிலிருந்து கொண்டுபோய் விட்டு, காட்டில் பெருகினது. இங்கே அது நமக்கு முன்பே இருந்தது. பக்கத்துக் கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவரே பன்றியைச் சுட உத்தரவு போடலாம், உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் ஆட்களின் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அங்கும் கறி கிடையாது, குழிதான். பன்றியைத் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால் அந்த இடத்தில், அந்தக் காலத்துக்கு மட்டும் இந்தத் தடையெல்லாம் விலகும். பீகாரிலும் உத்தராகண்டிலும் 2015, 2016 வாக்கில் அப்படி அறிவித்தார்கள். கேரளம் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ‘கேரளாவுல சுடறாங்க’ என்று துப்பாக்கியைத் தூக்கினால் வக்கீல் செலவு உங்களுடையது.

துப்பாக்கி என்றதும் இன்னொன்று. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கின துப்பாக்கி எங்கள் பக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான், விலங்கைக் கொல்ல அல்ல. இரண்டும் வேறு சட்டம், வேறு அலுவலகம். என் தாத்தா காலத்தில் வேட்டைக்கென்றே உரிமம் கொடுத்தார்கள். 1972 சட்டத்திலும் முதலில் அதற்கு இடம் இருந்தது, 1991 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் அந்த நினைப்பிலேயே பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

நஷ்டஈடு பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். 2023-இல் பன்றி புகுந்த மறுநாளே, மனது பொறுக்காமல், சாய்ந்த தட்டையெல்லாம் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டேன். பார்வையிட வந்தவர் கேட்டார்: “சேதம் எங்கே?” காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. விண்ணப்பம் பதினோரு மாதம் மேசை மேசையாகப் போய், வந்த பணம் விதைக்குக்கூடக் காணவில்லை. அதனால் பார்வையிட்டு முடியும்வரை ஒரு தட்டைக்கூடத் தொடாதீர்கள். குளம்படி தெரிகிற மாதிரி, பக்கத்தில் கைச்சாவியையோ தீப்பெட்டியையோ வைத்துப் படம் எடுங்கள். தூரத்திலிருந்து வயல் முழுக்கத் தெரிகிற படமும் வேண்டும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அந்தப் பயிர் ஏறியிருக்கிறதா என்று விதைத்த மாதமே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். எனக்கு அதில் முந்தின வருடத்துப் பயிர் இருந்தது. சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் படி இறங்காதீர்கள்.

வேலிக்கு வருவோம். புடவை கட்டுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. தோட்டத்தைச் சுற்றி முப்பது கலரில் பழைய புடவை ஆடும். பத்து நாள் வேலை செய்யும், பதினோராம் நாள் பன்றி அதற்கடியில் நுழைந்து வரும். சலூன் முடியைத் தூவுவதும் அப்படியே. என் வீட்டில் நின்றது சோலார் வேலி. இதற்கும் ஈபி கம்பிக்கும் வித்தியாசம் புரியாமல் பலர் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஈபி கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டவனை விடாது. சோலார் வேலியில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு பெட்டி நொடிக்கு ஒருதரம் போல ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். ஆயிரக்கணக்கான வோல்ட் என்றாலும் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது. சுரீர் என்று அறைந்துவிட்டு விட்டுவிடும். நானே தவறித் தொட்டிருக்கிறேன். அரை மணி நேரம் கை மரத்துப்போய் மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

இதற்கும் இப்போது பதிவு உண்டு. தமிழ்நாடு 2023-இல் மின்வேலிக்கென்றே விதி கொண்டுவந்திருக்கிறது. தரச்சான்று உள்ள பெட்டியைத்தான் வைக்க வேண்டும். போடுமுன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். பன்றிக்கு உயரம் தேவையில்லை, தாழ்வுதான் முக்கியம். கடைக்காரர் யானைக்குப் போடுகிற அளவில் கீழ்க்கம்பியை இரண்டடியில் கட்டிவிட்டுப் போனார். முதல் வாரமே குட்டிகளெல்லாம் அடியில் ஓடின. முக்கால் அடியில் ஒன்று, ஒன்றரை அடியில் ஒன்று என்று மாற்றினேன். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் அந்த வழியாகவே எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை அடியில் செதுக்கவில்லை என்றால் வேலி வெறும் கொடிக்கம்பிதான்.

பங்காளியும் இந்த வைகாசியில் அதே பெட்டியை வாங்கினார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் தனி வேலி எதற்கு என்று சுற்றிலும் சேர்த்தே போட்டோம். இரவில் தோட்டத்துச் சாளை வீட்டுத் திண்ணையில் படுத்தால் பெட்டி டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் வெளிப்பக்கம் குளம்படி வேலியோரமாகவே போய், மூலையில் திரும்பி, ரோட்டுப் பக்கம் போயிருந்தது. மச்சினன் காலையிலேயே போன் பண்ணிவிட்டான்.

“மாமா, நீங்க வேலி போட்டதுல எல்லாம் இங்க வந்துருச்சுங். அந்த மூணு கிலோமீட்டர எங்கிருந்துங் அளக்கோணும்?”

நான் பதில் சொல்லுமுன் தக்காளிப் பாத்தியில் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று மயில்.